1799ஐக் கொண்டு 1686ஐ எழுத முடியாது

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைப் பற்றி மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்துக்கு அண்மையில் ஒரு கட்டுரையாளர் முழு வடிவம் கொடுத்திருக்கிறார். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததற்குக் கூலியாக வெள்ளைக்காரன் தூக்கிக் கொடுத்த நிலம்தான் புதுக்கோட்டை என்கிறார். அதற்கு முந்தைய போர்களில் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் செய்ததெல்லாம் நெல் வியாபாரம் என்கிறார். வலுத்தவன் பக்கம் சாய்வது அந்த மண்ணின் குணம் என்று முடிக்கிறார். முதல் இரண்டும் பொய்யான வரலாறு. மூன்றாவது ஒரு மாவட்டத்து மக்கள்மீது வீசப்பட்ட அவதூறு. அது இல்லாதிருந்தால் இந்த எதிர்வினைக்கே அவசியம் இருந்திருக்காது.

சமஸ்தானம் எப்போது தொடங்கியது என்று அவர் தேடிப் பார்த்ததாகவே தெரியவில்லை. ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, ரகுநாதத் தொண்டைமானின் உடன்பிறந்தாள் காதலி நாச்சியாரை மணந்தவர். பல்லவராயர்கள் வசம் இருந்த புதுக்கோட்டைப் பகுதியை 1686 வாக்கில் மைத்துனரிடம் ஒப்படைத்தவரும் அவர்தான். கட்டபொம்மன் பிறந்தது 1760இல். பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே நிலைபெற்றுவிட்ட ஓர் அரசு, அவரைப் பிடித்துக் கொடுத்ததற்கான கூலியாக எப்படி இருக்க முடியும்? பள்ளிப்பிள்ளை செய்யும் கழித்தல் கணக்கு இது. அதைக்கூடச் செய்யாமல் ஒரு வம்சத்துக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

கும்பினி, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, கொடுத்த நிலம் ஒன்று உண்டு. அது கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த ஊர்களும். 1803இல் கிடைத்தது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நான்காம் ஆண்டு என்பதால் இரண்டையும் முடிச்சுப் போடுவது எளிது. ஆனால் அந்தக் கோரிக்கை அதற்கு அரை நூற்றாண்டு முந்தையது. தஞ்சை மன்னர் பிரதாப் சிங் காலத்துக் கொடையையும், ஹைதர் அலியோடு நடந்த போரின்போது பிரெய்த்வெய்ட், கூட், மக்கார்ட்னி ஆகிய கும்பினி அதிகாரிகள் அளித்த வாக்குறுதிகளையும் காட்டித்தான் தொண்டைமான் அதைக் கேட்டார். கீழாநிலைக்கு ஆண்டுக்கு ஒரு யானை செலுத்த வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதையும் வற்புறுத்தி வாங்கவில்லை, 1836இல் முறைப்படி விலக்கிவிட்டார்கள். கும்பினியோடு முறையான உடன்படிக்கையோ ஆண்டுக் கப்பமோ இல்லாமல் 1948 வரை நீடித்த சமஸ்தானம் அது. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்ற கேள்விதான் ஆராயத் தகுந்தது. அதற்கான விடை திருச்சி முற்றுகையில் இருக்கிறது. கட்டுரையாளர் நெல் வியாபாரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டதும் அந்த முற்றுகையைத்தான்.

1751இல் நிலைமை என்ன? ஐந்து ஆண்டுகளுக்கு முன் சென்னைக் கோட்டையையே பிரெஞ்சுக்காரரிடம் இழந்து, ஐரோப்பாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் பேரில் 1749இல் திரும்பப் பெற்றிருந்த கும்பினி அது. அதே 1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் மாண்டார். நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவரைத் தாங்கிய பிரெஞ்சுக்காரரும் கர்நாடகத்தின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தார்கள். அன்வருதீனின் மகன் முகமது அலிக்கு மிஞ்சியிருந்த ஒரே பெரிய புகலிடம் திருச்சிக் கோட்டை. வலுத்தவன் பக்கம் சாய்வதுதான் தொண்டைமானின் வழக்கம் என்றால் அன்று அவர் போய் நின்றிருக்க வேண்டிய இடம் சந்தா சாகிபின் பாசறை. விஜயரகுநாதத் தொண்டைமான் நின்றதோ தோற்றுக்கொண்டிருந்தவன் பக்கம்.

ஏன் நின்றார் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்தான். அந்தக் கோட்டையில் யார் அமர்கிறார்களோ அவர்கள் கை புதுக்கோட்டையின் கழுத்தில் இருக்கும். முன்பு அங்கே ஆண்ட நாயக்க அரசி மீனாட்சியை ஏமாற்றித் திருச்சியைப் பறித்த சந்தா சாகிபை அந்தச் சீமை நன்றாக அறியும். கிழக்கே தஞ்சை வேறு எல்லையை நெருக்கிக்கொண்டே இருந்தது. தன் அரசு பிழைக்க வேண்டும் என்று ஒரு சிற்றரசன் எடுத்த முடிவு இது. அதைத் தேசத் துரோகம் என்று அழைப்பவர், 1751இல் எந்தத் தேசம் இருந்தது, அதன் தலைநகர் எது, அதன் கொடியை யார் பிடித்திருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஆற்காடு, மைசூர், தஞ்சை, மராட்டியர், பிரெஞ்சுக்காரர், கும்பினி என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்த சண்டை அது.

1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டும் போர் ஓயவில்லை. திருச்சியைத் தருவதாகச் சொல்லி முகமது அலி ஏமாற்றிவிட்டதால் மைசூர்த் தளவாய் நஞ்சராஜா பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்துகொண்டார். ஸ்ரீரங்கம் தீவு அவர்கள் வசம். தஞ்சை மன்னர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நாள் கடத்தினார். 1753லும் 1754லும் திருச்சிக்குள் அரிசியும் ஆடுமாடும் வரத் தெற்குக் காடுகள் வழியாகத் தொண்டைமான் சீமைதான் திறந்திருந்தது. மாட்டுப் பொதிகள் இரவில் நகர்ந்தன. ஒரு பொதிவரிசை மாட்டிக்கொண்டால் கோட்டைக்குள் பட்டினி. முகமது அலியின் ஆட்சியும் கும்பினியின் தென்னகக் கனவும் அந்தக் காட்டுப் பாதையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன என்பதை, கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றைப் படிக்கிற எவரும் காணலாம்.

வியாபாரத்துக்கு விலை உண்டு. இதற்குப் புதுக்கோட்டை கொடுத்த விலை என்ன? 1754இல் பிரெஞ்சுப் படை தொண்டைமான் சீமைக்குள் இறங்கி ஊர்களைக் கொளுத்தியது. குடியானவர்கள் மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஆளில்லாத குடிசைகள். தஞ்சை பெரிது, மைசூர் அதைவிடப் பெரிது. வீடு எரிந்த பிறகும் பாதையை மூடாமல் வைத்திருந்தது இந்தச் சிறு சீமை. அந்தக் குடியானவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. குறைந்தபட்சம் அவர்களை லாபம் பார்த்த வியாபாரிகள் என்று எழுதாமலாவது இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் கட்டுரையாளர் மறைக்கிறார், அல்லது அறியவில்லை. அந்தப் பொதிவரிசைகளுக்குக் காவலாக வந்த கும்பினிச் சிப்பாய்களின் தலைவர் யூசுப் கான். மருதநாயகம் என்று நாம் போற்றும் அதே மனிதர். பிறகு பாளையக்காரர் பூலித்தேவரை எதிர்த்துக் கும்பினிக்காகப் போரிட்டவரும் அவரே. 1764இல் கும்பினியாலும் நவாபாலும் மதுரையில் தூக்கிலிடப்பட்டவரும் அவரே. ஒரே மனிதரின் வாழ்க்கையிலேயே இவ்வளவு திருப்பங்கள். பாதுகாத்து அழைத்து வந்தவருக்கு வீரர் பட்டம், பொதி அனுப்பியவருக்குத் துரோகிப் பட்டம் என்றால், அந்த அளவுகோலை எந்தக் கடையில் வாங்கினார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

இனி 1799. கட்டபொம்மனைப் புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் பிடித்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள். கும்பினியிடம் ஒப்படைத்தவர் தொண்டைமான். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில், பாளையக்காரர்களை வரவழைத்து நிற்க வைத்து, மேஜர் பானர்மன் அவரைத் தூக்கிலிட்டார். இதில் மறுக்க எதுவும் இல்லை, மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. புதுக்கோட்டை அபிமானிகள் சிலர் இதற்குச் சப்பைக்கட்டு கட்டும்போது கோபம்தான் வருகிறது. தஞ்சம் தேடி எல்லைக்குள் வந்தவனைக் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. அந்தக் கறை தொண்டைமானுடையது.

ஆனால் 1799இல் நடந்ததை 1751இன் மறுபதிப்பு என்று சொல்வதில்தான் கட்டுரையாளரின் வாதம் நொறுங்குகிறது. இடையில் நாற்பத்தெட்டு ஆண்டுகள். 1799 மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டார். ராமநாதபுரத்தில் முத்துராமலிங்க சேதுபதி 1795லேயே பதவி பறிக்கப்பட்டுச் சிறையில் கிடந்தார். கட்டபொம்மன் தூக்கிலேறிய அதே அக்டோபரில் தஞ்சை சரபோஜி ஆட்சிப் பொறுப்பைக் கும்பினியிடம் எழுதிக் கொடுத்தார். 1751இல் கும்பினிக்குத் தொண்டைமான் தேவைப்பட்டார். 1799இல் தொண்டைமான் கும்பினியின் நிழலில் இருந்தார். முதலாவது ஆபத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு எடுத்த முடிவு. இரண்டாவது ஆபத்தைத் தவிர்க்க எடுத்த முடிவு. எடுத்தவர்களும் வேறு, முன்னவர் 1769லேயே இறந்துவிட்டார். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பவர் 1754இல் குடிசையை இழந்தவர்களையும் அவமதிக்கிறார், 1799இல் உயிரை இழந்தவரையும் சிறுமைப்படுத்துகிறார். அது பரம்பரைக் குணம் என்று எழுதிவிட்டால், வேறு விதமாக நடந்திருக்கக் கூடிய ஒரு தொண்டைமான் அந்தக் குற்றத்திலிருந்து தப்பித்துவிடுகிறார். இது கட்டுரையாளருக்கு ஏன் புரியவில்லை?

1799இல் பானர்மன் படையோடு வேறு பாளையக்காரர்களும் நின்றார்கள். எட்டயபுரத்தின் பங்கை ஊரறியும். 1801இல் மருது சகோதரர்களை வேட்டையாடியபோது, சிவகங்கைக்குப் புதிய உரிமையாளராகக் கும்பினி நிறுத்தியது அந்த அரச மரபின் உறவினர் ஒருவரையே. குணம் என்று பேசத் தொடங்கினால் தென்னாட்டில் எந்தச் சீமை மிஞ்சும்?

மண்ணுக்குக் குணம் உண்டு என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்பதை நாம் அறிவோம். அரசன் செய்ததற்கு ஊரைப் பழித்து, ஊரிலிருந்து சாதிக்கு இறங்கி, கடைசியில் திருவிழாவிலும் கல்லூரி விடுதியிலும் கைகலப்பாகிறது. இன்று அந்த மாவட்டத்தில் படிக்கிற பிள்ளைக்கு 1799இல் வாக்குரிமை இருக்கவில்லை, அவள் பாட்டனின் பாட்டனுக்கும் இருக்கவில்லை. கட்டுரையாளர் தொண்டைமான்களை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் விமர்சிக்கட்டும். 1799க்காக நானும் உடன் நிற்பேன். 1686 பற்றியும் திருச்சி முற்றுகை பற்றியும் எழுதியவற்றை அவர் திருத்த வேண்டும். மண்ணின் குணம் என்ற வரியை எந்தச் சமாதானமும் சொல்லாமல் திரும்பப் பெற வேண்டும்.