நாற்பத்தைந்தாவது இடம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி என் செல்போனில் பனிச்சறுக்குப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆச்சி, இதுல நம்ம நாட்டுக்காரங்க யாருமே இல்லையா?" என்று கேட்டாள். இருக்கிறார் என்று ஆரிப் கானைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் இருந்த தம்பி மகன் சிரித்துவிட்டான். "ஒலிம்பிக்ல நாப்பத்தஞ்சாவது இடந்தானே அத்தை, அதுக்கா இவ்வளவு பேச்சு?"

அவனைக் கோபித்துப் பயனில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் ரேங்க் போட்டு அட்டை கொடுத்தவள் நான். அந்தக் கேள்வியை உங்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்ததே என்னைப் போன்றவர்கள்தான்.

ஆரிப் கான் காஷ்மீரில் குல்மார்க் பக்கத்துக்காரர். 1990-இல் பிறந்தவர். அப்பா குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தார். நம் கடற்கரைப் பிள்ளைகள் நடை பழகும்போதே அலையில் இறங்குகிற மாதிரி, சின்ன வயதிலேயே பனியில் இறங்கிவிட்டார். 2011-இல் உத்தராகண்டில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கினார். நான்கு உலக சாம்பியன்ஷிப்களில் கலந்துகொண்டார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக் மட்டும் கைநழுவிப் போனது. திறமை குறைந்ததால் இல்லை, பயிற்சிக்குப் பணம் போதாததால். நான்கு வருஷம் காத்திருந்து, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போனார். அந்தப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் அவர்தான்.

ஜெயன்ட் ஸ்லாலம் என்ற பந்தயத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். செங்குத்தான பனிச்சரிவில் வரிசையாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து கீழே வர வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. இரண்டு முறை இறங்கி, இரண்டு நேரத்தையும் கூட்டுவார்கள். இதில் நான் கவனித்த ஒரு விஷயம்: முதல் முறை இறங்கும்போது தரவரிசையில் மேலே இருப்பவர்கள்தான் முதலில் இறங்குவார்கள். அவர்களுக்கு வழவழப்பான பாதை. பின்னால் வருகிறவனுக்கு, முன்னே போனவர்கள் கிழித்துவிட்டுப் போன குண்டும் குழியுமான பாதை. ஏழை வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதுவதும் இப்படித்தானே?

பிப்ரவரி 13, பனி கொட்டிக்கொண்டிருந்தது. புறப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்கவே இல்லை. ஆரிப் முடித்தார். தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட்டை விட ஏறக்குறைய 38 விநாடி பின்னால், 45-ஆவது இடம். மூன்று நாள் கழித்து ஸ்லாலம் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வளர்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற மைதானமும் பயிற்சியாளரும் இவருக்குக் கிடைத்திருந்தால் எந்த இடம் வந்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

சரி டீச்சர், பனிக்கும் நம்ம தூத்துக்குடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். திங்கட்கிழமை காலையில் கண் சிவந்து, தலையில் உப்பு பூத்து வந்து நிற்பான். சனி, ஞாயிறு அப்பாவோடு சங்கு குளிக்கப் போகிறவன். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனாலும் அந்த மூச்சும் நீச்சலும் வம்சத்தில் நிற்கவில்லை. அவன் கடலில் எவ்வளவு நேரம் மூச்சடக்குவான் என்று மற்ற பிள்ளைகள் வாய் பிளந்து சொல்வார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் சோறு போடுமா? படிச்சாத்தான் கரையேறுவே." நீச்சல் போட்டி என்று ஒன்று இருப்பதை அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

இன்றைக்கு அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். கௌரவமான உழைப்புத்தான், குறை சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து பேசுவான். அப்போதெல்லாம் எனக்குத்தான் சங்கடம்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளையாட்டை நம்பிப் பிழைப்பவர் கொஞ்சம் பேர்தான். ஆனால் பிறந்த ஊர் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த திறமையைப் பெற்றவரும் ஆசிரியரும் முதலில் கண்ணால் பார்க்க வேண்டாமா? குல்மார்க் கடைக்காரர் தன் பிள்ளையிடம் அதைப் பார்த்தார். சென்னைப் பெண் நேத்ரா குமணன் பாய்மரப் படகில் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். பாய்மரத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் கரையிலிருந்து ஏன் ஒரு பிள்ளை போகக் கூடாது?

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் நீந்துகிறவன், ஓடுகிறவள் யாராவது இருந்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. இதைப் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொல்லுங்கள்.

தம்பி மகனுக்கும் ஒரு வார்த்தை. எத்தனையாவது இடம் என்று கேள், தப்பில்லை. எங்கிருந்து புறப்பட்டான் என்பதையும் சேர்த்துக் கேள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்