வேலிக்கு ஓணான் சாட்சி

திருவண்ணாமலை ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் கட்டும் ஒரு சின்ன கான்டிராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது, பில் பாஸாகவில்லை. கணக்குப் புத்தகத்தில் 'வர வேண்டியது' என்று இருக்கும். பேங்குக்கு வட்டி மட்டும் ரொக்கமாகப் போகும். கேஸ் போடலாமென்றால், தகராறை நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்கிறது ஒப்பந்தம். நடுவர் யார்? பணம் தர வேண்டியவர் கைகாட்டும் ஆள்!

மிகையில்லை. ரயில்வே மின்மயமாக்கல் அமைப்பின் கட்டுமான வழக்கு ஒன்றில், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரிகள் நால்வரின் பட்டியலை நீட்டி, "இதில் இருவரைச் சொல்" என்றார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவராக நியமித்தது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

"துறை நுணுக்கம் தெரிந்தவர் வேண்டாமா?" என்பார்கள். சிமெண்ட் கலவை தெரிய ரயில்வே பென்ஷன் வாங்கியிருக்க வேண்டுமா என்ன?

2024 நவம்பர் 8-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு விழித்துக்கொண்டது. தன் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடு என்று எதிர்த்தரப்பைக் கட்டாயப்படுத்துவது சமத்துவத்துக்கு விரோதம் என்றது. ஆனால் மூவர் குழுக்களில், அன்றைக்குப் பிந்தைய நியமனங்களுக்கு மட்டும்தானாம். அதற்கு முன் மாட்டியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

இன்றும் நடுவர் அமையாவிட்டால் 1996 சட்டத்தின் 11-வது பிரிவில் மனுப் போட நம் கான்டிராக்டர் சென்னைக்குத்தான் ஓட வேண்டும். அந்த மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது அதே சட்டம். முயன்றால் போதாது, முடிக்க வேண்டும். கடன்காரனே நாட்டாமையை நியமிப்பதை எந்தக் கிராமமும் ஒத்துக்கொள்ளாது. அரசு மட்டும் ஏன் ஒத்துக்கொண்டது?