மதிப்பெண் நோயறிதல் ஆகாது

சிறுவர், வளரிளம் பருவத்தினரின் பதற்றத்தை அளக்கப் பரவலாகப் புழங்கும் வினாப்பட்டியல்களில் ஒன்று 'ஸ்கேர்ட்'. பிட்ஸ்பர்க் மருத்துவர் போரிஸ் பிர்மாஹரின் குழு 1997இல் வெளியிட்டது. இன்றைய வடிவில் 41 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 25ஐத் தொட்டால் பதற்றக் கோளாறு இருக்கக்கூடும். குழந்தை மனநல மருத்துவர் அரிதாக உள்ள சித்தூர், திருப்பதி போன்ற மாவட்டங்களில் பள்ளிதோறும் இந்தத் தாளைக் கொடுத்துக் கூட்டிப் பார்த்தாலே நோயுள்ள பிள்ளைகள் தெரிந்துவிடுவார்கள் என்று வாதிடப்படுகிறது. 'இருக்கக்கூடும்' என்பது இந்த வாதத்தில் 'இருக்கிறது' ஆகிவிடுகிறது.

25 என்பது எல்லா ஊருக்கும் பொதுவான எல்லைக்கோடு அன்று. தென்னிந்தியக் கிராமப்புற வளரிளம் பருவத்தினரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், பன்னாட்டு எல்லையின்படி 8.6 விழுக்காட்டினர் பதற்றமுள்ளவர்களாகத் தேறினர். இந்திய எல்லையைக் கொண்டபோது 25.8 விழுக்காட்டினர். பிள்ளைகள் மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது.

எல்லாரையும் சோதித்தால் யாரும் விடுபடமாட்டார்கள் என்பது அடுத்த வாதம். கணக்கு வேறு கதை சொல்கிறது. ஒரு பள்ளியில் 1,000 மாணவர்கள், அவர்களில் 40 பேருக்குக் கோளாறு என்று கொள்வோம். நோயுள்ளவர்களில் 80 விழுக்காட்டையும் இல்லாதவர்களில் 80 விழுக்காட்டையும் தாள் சரியாகப் பிரித்தாலும், 32 பேர் பிடிபடுவர், 8 பேர் நழுவுவர்; கோளாறே இல்லாத 192 பேரும் பட்டியலில் ஏறுவர். ஆக, 224 குடும்பங்கள் திருப்பதி ருயா மருத்துவமனைக்கோ, மாநில எல்லை தாண்டி வேலூர் சி.எம்.சி.க்கோ பஸ் ஏற வேண்டும். அவற்றில் ஏழில் ஆறு வீண் அலைச்சல். வீட்டில் மூளும் கலக்கம் தனி.

பிள்ளை சொல்வதே போதும் என்பதும் நிற்காது. தாய் நிரப்பும் தாளும் பிள்ளை நிரப்பும் தாளும் பெரும்பாலும் ஓரளவே ஒத்துப்போகின்றன. உள்ளே அரிக்கும் கவலை தாய்க்குத் தெரியாமல் போகலாம். காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுப்பதைப் பிள்ளை பயத்தோடு சேர்க்காமல் விடலாம். வகுப்பாசிரியரே தாளை வாங்கிப் படிப்பாரென்றால் உண்மையான விடை வருமா? நகரி, சத்தியவேடு பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசும் பிள்ளைக்கு எந்த மொழித் தாள் என்பதும் தீர்க்க வேண்டியதே.

2022இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 8 முதல் 18 வயதினரைச் சோதிக்கப் பரிந்துரைத்ததை ஆதரவாளர்கள் காட்டுவர். அந்தப் பரிந்துரையிலும் தாளுக்குப் பின் மருத்துவரின் நேர்காணல் உண்டு. எத்தனை நாளாக, எதைக் கண்டு, படிப்பும் தூக்கமும் எவ்வளவு கெட்டன என்பவை அங்கேதான் துலங்கும். நோய் உறுதியான பிறகு அதே பிள்ளையிடம் அதே தாளை மாதங்கள் இடைவெளியில் கொடுத்து, சிகிச்சை பலிக்கிறதா என்று பார்ப்பதற்கு வினாப்பட்டியல் நன்றாகவே பயன்படுகிறது.