அடோர்வாஸ்டாடின் மாத்திரையும் பம்பளிமாஸும்: தசைகளுக்கு என்ன ஆகும்?

தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகள் முதல் தவணையாக வழங்கப்படுகின்றன. பிழைத்து வீடு திரும்புவோரில் பெரும்பாலோர் அடோர்வாஸ்டாடினை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். உத்திரமேரூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இம்மாத்திரை உண்போர் அடிக்கடி கேட்பது இது: எலுமிச்சையும் சாத்துக்குடியும் சாப்பிட்டால் மருந்து கெட்டுவிடுமா?

வழக்கமாக உண்ணும் அளவில் எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு ஆகியவற்றால் கெடாது. கவனம் தேவைப்படுவது கிரேப்ஃபுரூட்டுக்கும் அதன் நெருங்கிய உறவான பம்பளிமாஸுக்கும்தான். சில மொழிபெயர்ப்புகளில் கிரேப்ஃபுரூட்டைத் 'திராட்சை' என்று எழுதிவிடுகின்றனர். அதைப் படித்துத் திராட்சையைக் கைவிட்டோரும் உண்டு. திராட்சைக்கும் இந்த எச்சரிக்கைக்கும் தொடர்பில்லை.

இவ்விரு பழங்களிலும் ஃபியூரானோகூமரின் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. நாம் விழுங்கும் சில மருந்துகளின் ஒரு பகுதியைக் குடல் சுவரிலுள்ள ஒரு நொதி சிதைத்துவிடும். மருந்தின் அளவும் அதைக் கணக்கிட்டே வகுக்கப்படுகிறது. ஃபியூரானோகூமரின் அந்நொதியை முடக்குவதால், கூடுதல் மருந்து இரத்தத்தில் கலக்கிறது. கனடாவில் ஓர் ஆய்வில் மதுவின் சுவையை மறைக்கச் சேர்த்த கிரேப்ஃபுரூட் சாற்றால் 1989-இல் தற்செயலாகத் தெரியவந்த உண்மை இது. உடல் புதிய நொதியை உருவாக்க ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். எனவே காலையில் பழம், இரவில் மாத்திரை என இடைவெளி விடுவதால் பயனில்லை.

ஸ்டாடின் வகை மருந்து இரத்தத்தில் மிகும்போது தசைச் செல்கள் பாதிக்கப்படும் வாய்ப்பும் மிகுகிறது. மிக அரிதாகத் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். சிம்வாஸ்டாடின் உண்போர் இவ்விரு பழங்களையும் அறவே தவிர்க்கவும். அடோர்வாஸ்டாடினில் ஆபத்து பெரும்பாலும் சாற்றை மிகுதியாக அருந்துவோருக்கே. எப்போதோ உண்ட இரண்டு சுளைக்காக அஞ்ச வேண்டாம். ரோசுவாஸ்டாடினுக்கு இச்சிக்கல் இல்லை. இரத்த அழுத்தத்துக்குப் பலர் உண்ணும் அம்லோடிபினிலும் தாக்கம் மிகக் குறைவு.

காரணமின்றித் தொடை, தோள் தசைகளில் வலியோ தளர்ச்சியோ தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள். கறுந்தேநீர் நிறத்தில் சிறுநீர் பிரிந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். வலி எல்லாம் மாத்திரையால் வருவதன்று. தைராய்டு குறைபாடும் வைட்டமின் டி பற்றாக்குறையும் இவ்வாறே வலிக்கச் செய்யும். மருத்துவரைக் கேளாமல் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மாரடைப்பு மீண்டும் வரும் ஆபத்து, பழத்தால் வருவதைவிடப் பெரிது.

இப்பழங்களின் சாரம் தசையை வளர்க்கும் என்று கூறி விற்கப்படும் பொடிகளையும் சிலர் கொண்டுவந்து காட்டுகின்றனர். அவ்விளம்பரங்களுக்கு அடிப்படையாக உள்ளவை பெரும்பாலும் எலிகளில் நடந்த ஆய்வுகள். தசை கொழுப்பை எரித்து ஆற்றல் பெற உதவும் கார்னிடைனை உடல் தயாரிக்க வைட்டமின் சி தேவை என்பது உண்மையே. அதற்கு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும்.