தெரிந்து கொள்வோம்: கோல்ப் ஆட்டக்காரரின் 'கார்டு'



கோல்ப் என்றதும் வெற்றியாளர் கையில் ஏந்தும் பெரிய காசோலைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், நாடு நாடாக நடக்கும் ஆசியச் சுற்றுப் போட்டிகளில் தொழில்முறை ஆட்டக்காரர் தொடர்ந்து ஆட, முதலில் ஒரு 'கார்டு' வேண்டும்.

அதற்குத் தகுதித் தேர்வு உண்டு. பல நாட்டினர் சொந்தச் செலவில் வந்து ஆடுவார்கள். முன்னணியில் முடிக்கும் சிலருக்கே கார்டு கிடைக்கும்.

கிடைத்தாலும் கவலை தீராது. ஒரு போட்டி வழக்கமாக நான்கு நாள். முதல் இரண்டு நாளில் பின்தங்கியவர் வெளியேற வேண்டும். பரிசுப் பணம் ஒரு காசும் இல்லை. விமானச் சீட்டு, விடுதி வாடகை எல்லாம் அவர் தலையில்தான். மழை நாளில் பால்மரம் வெட்ட முடியாமல் வீடு திரும்பியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

ஆண்டு முடிவில் தரவரிசையில் முதல் அறுபது சொச்சம் பேருக்குள் வந்தால் கார்டு நிலைக்கும். இல்லையேல், வேறு சலுகை இல்லாதவர் மறுபடியும் தேர்வுக்குப் போக வேண்டியதுதான். போட்டி ஒன்றில் வென்றால் மட்டும் சில காலம் அந்தக் கவலை இல்லை. பெங்களூரில் பிறர் பையைத் தூக்கிய சி. முனியப்பா, 2009-இல் இந்தியப் பொதுப் போட்டியை வென்று ஆசியச் சுற்றில் தம் இடத்தை உறுதி செய்துகொண்டார். நம் மலேசியாவின் கெவின் கிரீன் 2017-இல் அந்தத் தரவரிசையில் முதலிடமே பெற்றார்.

பெற்றோர்களே, பிள்ளை விளையாட்டில் சிறந்தால் தடுக்காதீர்கள். ஆனால் கையில் ஒரு படிப்போ, கைத்தொழிலோ இருக்கட்டும். கார்டு போனாலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா?