கல்லறையைக் கட்டியவர் யார்?

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்களின் பட்டியலில் ஆங்கிலேயர் கல்லறைகளுக்கு என்ன வேலை? தில்லி அதிகார வட்டாரங்களில் சில ஆண்டுகளாகவே எழுப்பப்பட்டு வரும் கேள்வி இது. சிறப்பேதும் இல்லாத ஆங்கிலேய அதிகாரிகள், சிப்பாய்களின் கல்லறைகள் சுமார் 75 பட்டியலில் இருப்பதாகப் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2023-இல் சுட்டிக்காட்டியது. 2024-இல் இந்தியத் தொல்லியல் துறை நீக்க முற்பட்ட 18 சின்னங்களில் தில்லி பாரகம்பா கல்லறைத் தோட்டமும் ஒன்று. இருந்த இடமே தெரியாமல் போனது அது. காணாமல் போனதை நீக்குவது வேறு; நிற்பதை நீக்குவது வேறு.

யாரோ ஒரு சிப்பாயின் தனிக் கல்லறையை மாநில அரசின் பொறுப்பில் விடலாம் என்பதில் தவறில்லை. ஆனால், 'ஆங்கிலேயர் கல்லறை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட முடியுமா?

சூரத்துக்குச் சென்று பார்த்தால் விடை கிடைக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஆக்ஸிண்டன் 1659-இலும், அவருடைய சகோதரர் சர் ஜார்ஜ் ஆக்ஸிண்டன் 1669-இலும் இறந்தனர். இருவருக்குமாக எழுந்த இரண்டடுக்கு மாளிகையில் தூண்களும் குவிமாடமும் உண்டு. இங்கிலாந்தின் தேவாலய முற்றத்தில் இதற்கு முன்மாதிரி இல்லை. மொகலாயரின் சமாதிகளில்தான் இருக்கிறது. மொகலாயத் துறைமுகத்தில் பிழைக்க வந்த வணிகர்கள், அந்தஸ்தைக் காட்டவும் மொகலாயரின் மொழியையே கடன் வாங்கினர். அவர்களுக்குச் சளைக்காத டச்சுக்காரர்கள், கேரளத் தாவரங்களைத் தொகுத்து 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' நூலை வெளியிட்ட வான் ரீடு 1691-இல் இறந்தபோது அதனினும் பெரிய மண்டபம் எழுப்பினர். செங்கல் அடுக்கியதும் குவிமாடம் வளைத்ததும் உள்ளூர்க் கைகளே.

கொல்கத்தாவில் 1767-இல் தொடங்கிய தெற்கு பார்க் தெரு கல்லறைத் தோட்டத்தில் பிரமிடுகளும் கூர்நுனித் தூண்களும் நெருங்கி நிற்கின்றன. கல் போலத் தோன்றினாலும் பெரும்பாலானவை சுண்ணாம்புச் சாந்து பூசிய செங்கல்தான். 1828-இல் இறந்த சார்லஸ் ஸ்டூவர்ட்டின் கல்லறையோ இந்துக் கோயில் வடிவில் கட்டப்பட்டது. இதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது?

இதில் நிலமும் அடங்கியிருக்கிறது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35-ஆவது பிரிவைக் கொண்டு ஒரு சின்னத்தை நீக்கினால் அந்தத் தடையும் விலகும். பழைய கல்லறைத் தோட்டங்கள் பலவும் நகரின் நடுவே இருப்பவை என்பதை மறந்துவிடலாகாது.

எனவே, நிற்கும் கல்லறை எதையும் நீக்குவதற்கு முன்னர் அதன் அளவு வரைபடத்தையும் புகைப்படத்தையும் கட்டடக்கலை மதிப்பீட்டையும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தாக்கல் செய்ய வேண்டும். உள்ளே கிடப்பவரின் பெயரும் பதவியும் மட்டும் போதாது.