மக்கு என்று ஒதுக்காதீர்!

பிள்ளைக்கு ஜுரம் கண்டால் பெற்றோர் டாக்டரிடம் ஓடுகிறார்கள். அதே பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் பிரம்பைத் தேடுகிறார்கள். இது நியாயம் அல்ல!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், தாயும் தகப்பனும் ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போகும் குடும்பங்கள் பல உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் மூன்றாம் வகுப்புப் பையன் எழுத்துக் கூட்டத் திணறினால் யாரைக் கேட்பது? "மக்கு" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார் பாட்டி. இப்படியே வருஷங்கள் வீணாகின்றன.

காரணம் என்ன?

காது மந்தமாக இருக்கலாம். கரும்பலகை சரியாகத் தெரியாமல் இருக்கலாம். 'டிஸ்லெக்சியா' என்னும் கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். இந்தக் குறை உள்ள பிள்ளைக்கு அறிவு குறைவு என்று அர்த்தம் இல்லை. தக்க முறையில் சொல்லிக் கொடுத்தால் படிக்கும்.

எங்கே கேட்பது?

முதலில் வகுப்பு ஆசிரியரைப் பார்க்க வேண்டும். பிள்ளை எதில் தடுமாறுகிறது, எப்போதிருந்து என்று சொல்ல வேண்டும். எழுதத் தெரியாத தாய் வாயால் சொன்னால் போதும். வட்டார வள மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளுக்கு வருஷம் ஒரு முறை டாக்டர் குழுவும் வருகிறது. சந்தேகம் இருந்தால், மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

2016-ம் ஆண்டுச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. குறைபாடு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. சான்றிதழ் இருந்தால் அரசுப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் கிடைக்கும்.

ஒரு நாள் கூலி

கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் போய்த் திரும்ப ஒரு பகல் போய்விடும். அன்றைய கூலியும் போகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது பெரிய நஷ்டம். "அடுத்த மாதம் போகலாம்" என்று தள்ளிப் போடுவது இதனால்தான்.

ஆலை முதலாளிகள் மனது வைக்க வேண்டும். இதற்கென்று ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தால் இயந்திரம் நின்றுவிடாது. ஒரு பிள்ளையின் படிப்பு நின்று போகாமல் இருக்கும். அதிகாரிகளும், பரிசோதனை முகாமை ஞாயிற்றுக்கிழமையில் தொழிற்பேட்டைக்கு அருகிலேயே நடத்தலாம்.

பெற்றோருக்கு வெட்கம் வேண்டாம். முதல் வேலையாக ஆசிரியரைப் பார்த்துக் கேட்க வேண்டும்!